சட்டம் கேட்கும் வீடுகள்

2003 ஜூலையில் விருத்தாசலம் போலீஸார் ஒரு புகாரை வாங்க மறுத்தார்கள். புகாரோடு வந்தவர்கள் புதுக்கூரைப்பேட்டையைச் சேர்ந்த ஒரு தலித் குடும்பத்தார். அவர்கள் வீட்டுப் பிள்ளை முருகேசன், கெமிக்கல் இன்ஜினீயரிங் படித்தவர். அதே ஊரின் வன்னியர் வீட்டுப் பெண் கண்ணகி, வணிகவியல் பட்டதாரி. அந்த ஆண்டு மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, யாருக்கும் சொல்லாமல் அவரவர் வீட்டிலேயே இருந்தார்கள். இனி ஊரில் இருப்பது ஆபத்து என்று தெரிந்ததும் மனைவியை மூங்கில்துறைப்பட்டில் உறவினர் வீட்டில் தங்கவைத்தார் முருகேசன். பெண் வீட்டார் தேடிப் பிடித்துவிட்டார்கள். ஜூலை 8-ம் தேதி, ஊர் பார்க்க, இருவருக்கும் மூக்கிலும் காதிலும் விஷத்தை ஊற்றிக் கொன்று, உடல்களை எரித்தார்கள். கண்ணகியின் தகப்பனார் அப்போது ஊராட்சித் தலைவர்.

எஃப்.ஐ.ஆர். போடவே ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அதுவும் பத்திரிகைகளில் செய்தி வந்த பிறகு. அதில் எழுதப்பட்டிருந்தது இன்னும் கொடுமை. இரண்டு குடும்பத்தாரும் சேர்ந்து தத்தம் பிள்ளைகளைக் கொன்றுவிட்டதாகக் கதை கட்டி, பிள்ளையைப் பறிகொடுத்த முருகேசனின் உறவினர்களையும் குற்றவாளிகள் பட்டியலில் சேர்த்தார்கள். 2004-ல் விசாரணை சி.பி.ஐ. கைக்கு மாறியது. வழக்கறிஞர் பொ. இரத்தினம் போன்றவர்கள் விடாமல் கூட நின்றார்கள். கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாள் 2021 செப்டம்பர் 24. பதின்மூன்று பேர் குற்றவாளிகள் என்றது அந்தத் தீர்ப்பு. அவர்களில் இருவர் புகாரை வாங்க மறுத்துப் பொய் வழக்கு சோடித்த போலீஸ் அதிகாரிகள். கண்ணகியின் சகோதரருக்கு விதித்த தூக்கை மறு ஆண்டு உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2025 ஏப்ரல் 28-ல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. போலீஸ் அதிகாரிகள் இருவரும் குற்றவாளிகளே என்று உறுதி செய்ததோடு, முருகேசன் குடும்பத்துக்கு 5 லட்ச ரூபாய் இழப்பீடும் வழங்கச் சொன்னது.

கொலை நடந்த நாளில் பிறந்த குழந்தை இந்தக் கடைசித் தீர்ப்பு வருவதற்குள் பள்ளி முடித்து, கல்லூரியும் முடித்திருக்கும். அத்தனை காலம் ஒரு குடும்பம் கோர்ட் வாசலில் நின்றது.

தமிழ்நாட்டில் ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் வேண்டும் என்ற குரல் ஒவ்வொரு கொலைக்குப் பிறகும் எழுகிறது. கட்சிகள் கேட்கின்றன, இயக்கங்கள் கேட்கின்றன. ஆனால் இந்தக் கட்டுரை, அதைத் தம் வீட்டுச் சாவிலிருந்து கேட்கிறவர்களைப் பற்றியது. அவர்கள் சட்டப் புத்தகம் படித்துவிட்டு வந்தவர்கள் அல்லர். சட்டம் தம்மிடம் எந்த இடம் வரைக்கும் வந்தது, எந்த இடத்தில் நின்றுவிட்டது என்பதை உடம்பால் அறிந்தவர்கள். ஒவ்வொருவரும் தம் காயத்தைக் காட்டும் இடத்தில் ஒரு சட்டப் பிரிவு எழுதப்பட வேண்டியிருக்கிறது. எல்லோரையும் சேர்த்துக் கேட்டால் முழு மசோதாவும் கிடைத்துவிடும். இதுதான் எங்கள் துணிபு.

'கொலைக்குத்தான் சட்டம் இருக்கிறதே?'

தனிச்சட்டம் என்று வாய் திறந்ததும் வரும் முதல் கேள்வி இது. படித்தவர்களே கேட்கிறார்கள். 2012-ல் வந்த இந்தியச் சட்ட ஆணையத்தின் 242-வது அறிக்கைகூட, ஆணவக் கொலையைத் தனி வகைக் கொலையாகச் சட்டத்தில் சேர்க்கத் தேவையில்லை என்றுதான் சொன்னது. ஆனால், காதல் மணத்தில் தலையிடுவதற்காகக் கூடும் கூட்டங்களைத் தடைசெய்யத் தனியாக ஒரு சட்டம் வேண்டும் என்று அதே அறிக்கை வரைவையும் இணைத்துக் கொடுத்தது. முதல் பாதியைச் சொல்கிறவர்கள் இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை.

நம் ஊர் வரலாற்றையே பார்ப்போம். 1996 நவம்பரில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். நாடே அதிர்ந்தது. சில மாதங்களுக்குள் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்துவிட்டது. அது 1997-ம் ஆண்டுச் சட்டம். 1998-ல் சென்னையில் கல்லூரி மாணவி சரிகா ஷா, நடுத்தெருவில் ஆண்கள் செய்த தொல்லையால் இறந்தார். அதே ஆண்டு ஈவ் டீசிங் தடைச் சட்டம் வந்தது. 'கொலைக்கு 302 இருக்கிறதே, ராகிங்குக்குத் தனிச்சட்டம் எதற்கு?' என்று அன்று யாரும் நாவரசுவின் பெற்றோரிடம் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் கூடாது. ராகிங் என்பது கொலையில் முடியும்முன் எத்தனையோ நாள் நடக்கும் கொடுமை, அதை முளையிலேயே பிடிக்கத்தான் சட்டம் என்பது எல்லோருக்கும் புரிந்தது.

ஆணவக் கொலையும் அப்படித்தான். அரிவாள் கடைசியில் வருவது. அதற்கு முன் பெண்ணின் போனைப் பிடுங்குவார்கள், அறையில் பூட்டுவார்கள், அவசர அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பார்கள், பையன் வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள், ஊர்க்கூட்டம் போடுவார்கள், காவல் நிலையத்தில் வைத்து 'எழுதிக் கொடுத்துவிட்டுப் போ' என்று பேசி முடிப்பார்கள். மாதக்கணக்கில் நடக்கும் இந்த வேலைகளில் பெரும்பாலானவை எஃப்.ஐ.ஆர். ஆவதில்லை. வீட்டு விவகாரம் என்று விட்டுவிடுகிறார்கள்.

நாவரசுவுக்கும் சரிகா ஷாவுக்கும் உடனே இரங்கிய சட்டமன்றம், கண்ணகி முருகேசனுக்கு இத்தனை ஆண்டுகள் இரங்கவில்லை. முதல் இரண்டு சாவுகளையும் நகரத்து நடுத்தர வர்க்கம் தன் வீட்டுச் சாவாக நினைத்தது. மூன்றாவதைச் சேரிக்கும் ஊருக்குமான பகையாக நினைத்தது. வேறு காரணம் எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை.

உடுமலைப்பேட்டைக்கு முன்பும் பின்பும்

2016 மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை. உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்துக்கு அருகே பட்டப்பகலில் சங்கரையும் கௌசல்யாவையும் வெட்டியதை சி.சி.டி.வி. காட்சியாக நாடே பார்த்தது. சங்கர், குமரலிங்கத்தைச் சேர்ந்த பொறியியல் மாணவர், தலித். கௌசல்யா பழனியைச் சேர்ந்த முக்குலத்தோர் வீட்டுப் பெண். வயது 19. மணமாகி எட்டு மாதம். சங்கர் இறந்தார், தலையில் வெட்டுக்காயங்களோடு கௌசல்யா பிழைத்தார்.

பிழைத்தவர் என்ன செய்தார் என்பதுதான் தமிழ்நாட்டுக்குப் புதிது. பிறந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. சங்கரின் வீட்டில் இருந்துகொண்டு, பெற்றோருக்கு எதிராகக் கூண்டேறிச் சாட்சி சொன்னார். ஓர் ஆண்டு ஒன்பது மாதத்தில் தீர்ப்பு வந்தது. 2017 டிசம்பர் 12-ல் திருப்பூர் நீதிமன்றம் அவருடைய தந்தை உள்ளிட்ட ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. தாய் விடுவிக்கப்பட்டார். 2020 ஜூன் 22-ல் சென்னை உயர் நீதிமன்றம், சதி நிரூபிக்கப்படவில்லை என்று தந்தையையும் விடுவித்து, மற்ற ஐவரின் தூக்கை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது.

தீர்ப்பின் சரி தவறை நீதிமன்றங்கள் பார்த்துக்கொள்ளட்டும். நாம் பார்க்க வேண்டியது கொலைக்கு முந்தைய எட்டு மாதங்களை. தங்களுக்கு ஆபத்து இருப்பதாக அந்த இளம் தம்பதி போலீஸிடம் சொல்லியிருந்தார்கள். கௌசல்யாவைக் கடத்திக்கொண்டு போனதும், பணம் தருகிறோம், பெண்ணை விட்டுவிடு என்று பேரம் பேசியதும் அவருடைய சாட்சியத்தில் இருக்கின்றன. இவ்வளவு தெரிந்த பிறகும் அவர்களைக் காப்பது இன்னாருடைய கடமை, தவறினால் அவருக்கு இன்ன தண்டனை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கௌசல்யா இன்றுவரை மேடை மேடையாகத் தனிச்சட்டம் கேட்பதற்கான சொந்தக் காரணம் இதுதான் என்று நாங்கள் புரிந்துகொள்கிறோம். குற்றவாளிகளுக்குத் தண்டனை கிடைக்கவில்லை என்பதல்ல அவர் குறை, தண்டனை வாங்கிக் கொடுத்ததே அவருடைய சாட்சியம்தான். சங்கர் உயிரோடு இருந்த அந்த எட்டு மாதங்களில் சட்டம் வந்து நிற்கவில்லை என்பதுதான் குறை.

இதே குறையோடு அவருக்கும் முன்பே ஒருவர் உயர் நீதிமன்றப் படியேறினார். உசிலம்பட்டிப் பகுதியைச் சேர்ந்த திலீப்குமார், தலித் இளைஞர். அவரை மணந்த விமலாதேவி 2014-ல் இறந்தார். உடலை எரித்துவிட்டார்கள். அதற்கு முன், ஓடிப்போன ஜோடியைத் தேடிக் கண்டுபிடித்து, மேஜரான அந்தப் பெண்ணைப் பெற்றோரிடம் ஒப்படைத்தது போலீஸ். திலீப்குமார் விடவில்லை. அவர் போட்ட வழக்கில்தான் 2016 ஏப்ரல் 13-ல் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன், சாதி மறுப்புத் தம்பதிகளைக் காக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு, 24 மணி நேரத் தொலைபேசி உதவி ஆகியவற்றை அமைக்க உத்தரவிட்டார். மனைவியை இழந்த ஒருவரின் மனு, மற்றவர்கள் மனைவியை இழக்காமல் இருக்க ஒரு வழி திறந்தது. அந்தச் சிறப்புப் பிரிவின் எண் உங்கள் ஊர்க் காவல் நிலையப் பலகையில் எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.

உச்ச நீதிமன்றமும் சும்மா இருக்கவில்லை. 2018 மார்ச் 27-ல் சக்தி வாஹினி வழக்கில், தம்பதிகளுக்குப் பாதுகாப்பு இல்லங்கள், சிறப்புப் பிரிவுகள், கடமை தவறும் அதிகாரிகள் மீது துறை நடவடிக்கை, இந்த வழக்குகளை விரைவு நீதிமன்றத்தில் அன்றாடம் நடத்தி முடிந்தவரை ஆறு மாதத்துக்குள் முடிப்பது என்று வரிசையாகச் சொன்னது. சட்டம் இயற்றும்படியும் பரிந்துரைத்தது. நீதிமன்ற வழிகாட்டுதல் நல்ல விஷயம். ஆனால் நடுராத்திரியில் காவல் நிலையத்தில் பெண் வீட்டார் ஐம்பது பேர் கூடி நிற்கும்போது, உதவி ஆய்வாளரின் கையில் இருக்க வேண்டியது பிரிவு எண் போட்ட ஒரு சட்டம். வழிகாட்டுதல் எஃப்.ஐ.ஆரில் ஏறாது.

அரசு செய்யாததை யாராவது செய்ய வேண்டியிருக்கிறது. திருநெல்வேலியில் மார்க்சிஸ்ட் கட்சி அலுவலகத்தில் ஒரு சாதி மறுப்புத் திருமணம் நடந்ததற்காக 2024 ஜூனில் அந்த அலுவலகத்தையே சூறையாடினார்கள். அடுத்த ஆண்டு, தங்கள் அலுவலகங்கள் காதலர்களுக்குத் திறந்தே இருக்கும் என்று அந்தக் கட்சியின் மாநிலச் செயலாளர் பெ. சண்முகம் அறிவித்தார். பாராட்டலாம். ஆனால், உயிருக்குப் பயந்து ஓடிவரும் இருவர் தேடிப் போக ஒரு கட்சி அலுவலகம்தான் கண்ணில் படுகிறது என்றால் அது அரசுக்குத் தலைகுனிவு.

சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத மகள்

'பி.சி.ஆர். சட்டம் இருக்கிறதே' என்று அடுத்த கேள்வி வரும். பேச்சுவழக்கில் அப்படிச் சொல்லப்படும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் மிக முக்கியமான சட்டம். முருகேசன் வழக்கிலும், பின்னால் பார்க்கப்போகும் கோகுல்ராஜ் வழக்கிலும் அது இல்லாமல் எதுவும் நடந்திருக்காது. ஆனால் அது பாதுகாப்பது பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும். குற்றம் செய்தவர் அந்தப் பிரிவுகளைச் சேராதவராக இருக்க வேண்டும். அப்படியானால் கண்ணகி? சொந்தச் சாதிக்காரர்களால், சொந்த வீட்டாரால் கொல்லப்பட்ட அந்தப் பெண்ணின் சாவை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் இந்தச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. விமலாதேவிக்கும் இல்லை. இரண்டு பிற்படுத்தப்பட்ட சாதிகளுக்கிடையே மணம் செய்தவர்களுக்கும், பட்டியல் சாதிக்குள்ளேயே இரு சாதிகளுக்கிடையே மணம் செய்தவர்களுக்கும் இல்லை.

2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-வது பிரிவில், சாதி முதலிய காரணங்களுக்காகக் கும்பலாகச் செய்யும் கொலைக்கென ஓர் உட்பிரிவு உண்டு. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்திருந்தால்தான் அது பொருந்தும். தங்கையைத் தேடி வரும் அண்ணன் பெரும்பாலும் தனியாகவே வருகிறான்.

மகள் செத்தால் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மகனை இழந்த வீட்டில் வழக்கு நடத்த ஒரு தாயாவது இருப்பாள். மகளை அவள் வீட்டாரே கொன்றால், புகார் கொடுக்க வேண்டியவர், சாட்சி சொல்ல வேண்டியவர், குற்றவாளி எல்லோரும் ஒரே வீட்டுக்குள் இருப்பார்கள். வயிற்றுவலி தாங்காமல் மருந்து குடித்துவிட்டாள் என்று ஊர் சொல்லும். விடிவதற்குள் சுடுகாட்டில் வேலை முடிந்துவிடும். அந்தப் பெண்ணுக்காகச் சட்டம் கேட்க அவள் வீட்டில் ஆளில்லை. அதனால்தான், மகன்களை இழந்த கோகுல்ராஜின் தாயும் கவினின் பெற்றோரும் கேட்பதில் அவர்கள் குரலோடு இந்தப் பெண்களின் குரலும் சேர்ந்திருக்கிறது.

கோகுல்ராஜ், ஓமலூர்க்காரர், இன்ஜினீயரிங் முடித்தவர். 2015 ஜூன் 23-ல் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்கு, மாற்றுச் சாதியைச் சேர்ந்த தோழியோடு போனார். அங்கிருந்து கடத்தப்பட்டவரின் உடல் மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கிடந்தது. தற்கொலைக் கடிதமும் தயாராக இருந்தது. முதல் குற்றவாளி ஒரு சாதி அமைப்பின் தலைவர். அவர் தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் வீரவசனம் பேசிக்கொண்டிருந்ததைத் தமிழ்நாடு கேட்டது. கோகுல்ராஜின் தாய் போராடி, வழக்கை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றவைத்தார். சிறப்பு அரசு வழக்கறிஞராக ப.பா. மோகன் வாதாடினார். முக்கிய சாட்சியான தோழி பிறழ் சாட்சியானார். அந்த இளம்பெண்ணைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. எந்தப் பாதுகாப்பில் நின்று அவர் உண்மை சொல்லியிருக்க முடியும்? கோயிலின் சி.சி.டி.வி. பதிவு சாட்சியாக நின்றது. 2022 மார்ச்சில் பத்துப் பேருக்குத் தண்டனை. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷும் ஆனந்த் வெங்கடேஷும் திருச்செங்கோட்டுக்கே போய்க் கோயிலை நேரில் பார்த்தார்கள். 2023 ஜூனில் பெரும்பாலானோரின் தண்டனையை உறுதி செய்தார்கள்.

ஒரு வழக்கில் நீதி கிடைக்க கேமரா, விடாப்பிடியான ஒரு தாய், தேர்ந்த வழக்கறிஞர், படியேறிப் பார்க்கும் நீதிபதிகள் என எல்லாம் ஒன்றுசேர வேண்டியிருந்தது. இவற்றில் ஒன்று குறைந்த வீடுகளின் கதி என்ன? சாட்சிப் பாதுகாப்பும், வெளிமாவட்ட விசாரணையும், குடும்பத்தார் விரும்பும் வழக்கறிஞரும் ஒரு தாய் போராடிப் பெற வேண்டியவையாக இருக்கக் கூடாது. எழுதிவைத்த உரிமையாக இருக்க வேண்டும்.

2025 ஜூலை 27. பாளையங்கோட்டை கே.டி.சி. நகர். தூத்துக்குடி மாவட்டம் ஆறுமுகமங்கலத்தைச் சேர்ந்த ஐ.டி. ஊழியர் கவின் செல்வகணேஷ், வயது 27, வெட்டிக் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய தோழியின் சகோதரர். அந்தக் குடும்பத்தின் தாயும் தந்தையும் அப்போது காவல் துறையில் உதவி ஆய்வாளர்கள். மகன் உடலை வாங்க மாட்டோம் என்று கவினின் பெற்றோர் மறுத்து நின்றார்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் தந்தை கைதான பிறகே வாங்கினார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. தீர்ப்பு நீதிமன்றத்தின் வேலை. ஆனால், பிணத்தை வாங்க மறுத்தால்தான் ஒரு கைது நடக்கும் என்ற நிலைக்குப் பெற்றோரைத் தள்ளியது எது? மகனை இழந்த அந்த நேரத்திலும் துக்கத்தையே மனுவாக எழுத வேண்டியிருந்ததே!

அந்தக் கொலைக்குப் பிறகு எழுந்த கோரிக்கையின் பேரில்தான், 2025 அக்டோபரில், தனிச்சட்டத்துக்குப் பரிந்துரை வழங்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். தாமதம் என்றாலும் வரவேற்கிறோம். குற்றவியல் சட்டம் மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் பொதுவான பட்டியலில் இருப்பதால், மத்தியச் சட்டத்தோடு முரண்படும் இடங்களில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவைப்படும். அதைக் காரணம் காட்டி மசோதாவையே தள்ளிப்போடக் கூடாது. சட்டமன்றம் தன் வேலையை முதலில் முடிக்கட்டும்.

அந்த மசோதாவில் தண்டனையின் கடுமையைப் பற்றித்தான் மேடைகளில் அதிகம் பேசுவார்கள். எங்களுக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. முருகேசன் வழக்கிலும் சங்கர் வழக்கிலும் தூக்கு விதிக்கப்பட்டது, மேல்நீதிமன்றத்தில் நிற்கவில்லை, கொலைகளும் நிற்கவில்லை. அரிவாளுக்கு முந்தைய மிரட்டலும் சிறைவைப்பும் கட்டாயக் கல்யாணமும் தனிக் குற்றங்களாக வேண்டும். மேஜர் பெண்ணைப் பெற்றோரிடம் ஒப்படைக்கும் அதிகாரியும், புகாரை வாங்காத அதிகாரியும் தண்டிக்கப்பட வேண்டும். மாவட்டந்தோறும் அரசே நடத்தும் பாதுகாப்பு இல்லம் வேண்டும். ஆறு மாதம் என்று 2018-ல் சொன்ன கெடு சட்டத்தில் ஏற வேண்டும்.

வாசகர்களுக்கு ஒன்று. உங்கள் தெருவில், உங்கள் உறவில், சாதி மாறிக் காதலித்ததற்காக ஒரு பெண் பூட்டப்பட்டிருந்தாலோ, ஒரு பையன் மிரட்டப்பட்டாலோ, அது அடுத்த வீட்டு விவகாரம் என்று விடாதீர்கள். பெண்கள் உதவி எண் 181, அவசரப் போலீஸ் 112, இலவசச் சட்ட உதவி 15100. 18 வயது நிரம்பிய பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாகப் பெற்றோரிடம் ஒப்படைக்கும் அதிகாரம் எந்தக் காவல் நிலையத்துக்கும் இல்லை. அதை இன்றைக்கே போய்ச் சொல்லலாம், தனிச்சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.